அம்மாவின் ஈ.பி.எஃப். காசை எங்கே வைப்பது?

இந்த வருடம், 2025இல், எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்ட விஷயம் அம்மாவின் ஈ.பி.எஃப். காசு. பெண்கள் அதை 50 வயதில் எடுக்கலாம், ஆண்கள் 55 வரை காத்திருக்கணும். அம்மா நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். சம்பளத்தில் அவருடைய 8 சதவீதமும் கம்பனியின் 12 சதவீதமுமாக மாதாமாதம் சேர்ந்த காசு. தொகையை இங்கே எழுதினால் அம்மா திட்டுவார். பழைய த்ரீவீலர் ஒன்று வாங்கலாம், வீடு கட்டக் காணாது, அவ்வளவுதான்.

காசு வந்த நேரம் வட்டி இறங்கிய நேரம். மே மாதம் மத்திய வங்கி கொள்கை வட்டியை 7.75 சதவீதமாக்கியது. ஹட்டனுக்குப் போய் விசாரித்தோம். ஒரு வருட எஃப்.டி. 8ஐக்கூடத் தொடவில்லை. அம்மாவுக்கு முகமே விழுந்துவிட்டது. "பக்கத்து லயத்து அக்கா இருபதுக்கு மேல வாங்கினாளே, நமக்கு மட்டும் ஏன் இப்படி?" என்றார்.

அந்த அக்கா போட்டது 2023இன் தொடக்கத்தில். நாடு வங்குரோத்தாகி, திறைசேரி உண்டியல் வட்டியே 30 சதவீதத்தைத் தாண்டி ஓடிய காலத்தின் வால். அவருக்கு அதிர்ஷ்டம், சந்தேகமில்லை. ஆனால் 2021 செப்டெம்பரில் ஒரு லட்சம் போட்டவரை யோசித்துப் பாருங்கள். அப்போது வட்டி 5, 6 சதவீதம். வருட முடிவில் கையில் 106,000 ரூபாய். அதே 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். ஒரு லட்சத்துக்கு வாங்கிய சாமான் கிட்டத்தட்ட 170,000. வங்கி அவரை ஏமாற்றவில்லை, சொன்ன வட்டியைக் கொடுத்தது. காசுதான் கரைந்துபோனது.

இந்த ஜூலையில் அதே சுட்டெண் போன வருடத்தைவிட 0.3 சதவீதம் கீழே. அப்படியென்றால் இன்றைய ஏழரை, அன்றைய ஆறைவிட எவ்வளவோ மேல். இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்போ அரிசி விலை இறங்கிருச்சா?" என்றார். இறங்கவில்லை. ஏறின இடத்திலேயே நிற்கிறது. புள்ளிவிவரம் எவ்வளவு சரியாக இருந்தாலும், கடையில் சாமான் வாங்குபவரிடம் அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கித்தான் போகிறது.

எனக்குக் கோபம் வந்தது இன்னொரு கணக்கைப் பார்த்தபோது. 2022இல் ஈ.பி.எஃப். கொடுத்த வட்டி 9 சதவீதம். விலைகள் அந்த வேகத்தில் ஏறிய வருடத்தில் 9. அடுத்த வருடம் 13 கொடுத்தார்கள், ஆனாலும் அந்தக் குழி நிரம்பவில்லை. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகளை விட்டுவிட்டு, சேமலாப நிதிகளின் திறைசேரி முறிகளில்தான் கை வைத்தார்கள். 2021இல் போராடி வாங்கிய 1,000 ரூபாய் நாள் சம்பளம் அடுத்த வருடமே பெறுமதி இழந்தது. அடிப்படைச் சம்பளம் 1,350 ஆக 2024 செப்டெம்பர் வரை போனது. எங்கே காசை வைக்கலாம் என்று நாங்கள் இப்போது மண்டையை உடைக்கிறோம். அத்தனை வருடமும் அம்மாவின் காசு எங்கே இருக்கணும் என்று அம்மாவிடம் ஒருத்தரும் கேட்டதில்லை.

சரி, வழிகளுக்கு வருவோம். தம்பி ஒரு பைனான்ஸ் கம்பனியின் துண்டுப் பிரசுரத்தோடு வந்தான், வங்கியைவிட ஒன்றிரண்டு சதவீதம் அதிகம். 2020 மே மாதம் தி பினான்ஸ் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி ரத்துச் செய்தது எனக்கு ஞாபகம் வந்தது. வைப்புக் காப்புறுதி அப்போது 6 லட்சம் வரைதான். இப்போது ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் வரை உண்டு. உரிமம் உள்ள இடமென்றால், அந்த எல்லைக்குள் என்றால், பெரிய பயம் வேண்டாம். ஆனால் காப்புறுதிக் காசுக்கு அலைவது அம்மாதானே? தேசிய சேமிப்பு வங்கிக்கு முழு அரச உத்தரவாதம் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் நின்றேன்.

அம்மா நின்றது தங்கத்தின் பக்கம். பவுண் விலை ஏறியது மட்டும் காரணமில்லை. "சங்கிலிய கொண்டுபோய் வச்சா அரை மணித்தியாலத்துல காசு. ஃபோம் நிரப்பச் சொல்லி யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க." விளங்காத மொழியில் பதில் வாங்கி, கவுண்டர் கவுண்டராக நின்று பழகியவரின் பொருளாதாரம் அது. கூலி, சேதாரம், அடகு வட்டி என்று நான் அடுக்கினேன். அவர் அசையவில்லை. இன்றைக்கும் அதில் நான் முழுதாக ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

மாமா சொன்ன வழிதான் இலாபம் கூடியது: லயத்துக்குள்ளேயே ஐந்து வட்டிக்கு விடுவது. நூற்றுக்கு மாதம் ஐந்து, வருடத்துக்கு 60. எந்த வங்கியும் கிட்ட வர முடியாது. அந்த அறுபதைக் கட்டப்போவது யார் என்றால், அம்மாவோடு பிரட்டுக்களத்தில் நின்றவர்கள். "நான் குடுத்த வட்டி எனக்குத் தெரியும். வேணாண்ணே" என்று அம்மா அந்தப் பேச்சை முடித்துவிட்டார். நான் ஒரு வார்த்தையும் பேசத் தேவைப்படவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது எஃப்.டி. போட்டால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். ஏப்ரல் 1இலிருந்து வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கிறார்கள், முன்பு 5. வருட வருமானம் 18 லட்சத்துக்குக் கீழே என்றால் வங்கியில் ஒரு சுயபிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். நாங்கள் போன இடத்தில் நாங்களாகக் கேட்கும்வரை அந்தப் படிவத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வட்டியே குறைவு, அதிலும் பத்தில் ஒன்றைச் சும்மா விடவேண்டுமா?

கடைசியில் பெரும்பகுதி ஒரு வருட எஃப்.டி.க்குப் போனது, அம்மாவின் பெயரில் மட்டும். வட்டி ஏறினாலும் இறங்கினாலும் அடுத்த வருடம் திரும்ப யோசிக்கலாம் என்பதால் நீண்ட காலத்துக்குக் கட்டவில்லை. கொஞ்சம் அவசரத்துக்குச் சேமிப்புப் புத்தகத்தில். ஒரு பவுணில் மோதிரமும் வந்தது, அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எஃப்.டி. வட்டியை வருட முடிவில் எடுத்தால் வீதம் கூட, மாதாமாதம் எடுத்தால் குறைவு. நான் வருட முடிவு என்றேன். அம்மா மாதாமாதம்தான் வேணும் என்றார். 10ஆம் திகதி சம்பள நாளில் கையில் ஒன்றுமில்லாமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லையாம்.