வெள்ளைப் பூ என்று எழுதினால் போதுமா?



நம் மாணவர்களின் கட்டுரைகளில் பூந்தோட்டம் வராத கட்டுரை அரிது. அந்தத் தோட்டத்தில் எப்போதும் ‘வண்ண வண்ண மலர்கள் பூத்துக் குலுங்கும்’. எந்தப் பூ, எத்தனை இதழ் என்று கேட்டால் விடை வராது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால், மனப்பாடத் தொடர்கள் நம் வகுப்பறைகளை விட்டு இன்னும் நீங்கவில்லை. இதைப் பற்றி நான் ஆழ்ந்து சிந்திக்கக் காரணமாக இருந்தது, நம் நாட்டில் பூக்காத ஒரு சின்னஞ்சிறு பூ.

2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் பள்ளித் தவணை முடிந்து, மார்ச்சில் புதிய தவணை தொடங்கும் வரை நீண்ட விடுமுறை கிடைத்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் குடும்பத்தோடு வாழும் என் தங்கை வீட்டிற்குச் சென்றிருந்தேன். கடுங்குளிர். பெரும்பாலான மரங்களில் ஓர் இலைகூட இல்லை. “இந்தக் குளிரில் தோட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது?” என்று கேட்டேன். “இப்போது போனால்தான் பார்க்க முடியும், வா அக்கா,” என்று அழைத்துச் சென்றாள்.

நாங்கள் சென்ற இடம் நகருக்கு அருகில், லோட் என்னும் சிற்றூரில் உள்ள ஆங்கில்சி அபி. அங்கே குளிர்காலத்தில் பார்ப்பதற்கென்றே 1998இல் ஒரு தோட்டத்தை உருவாக்கியிருக்கிறார்கள். செந்நிறத் தண்டுகள் கொண்ட புதர்கள், வழியின் முடிவில் வெண்பட்டை உடைய இமயமலைப் பூர்ச்ச மரங்கள். மரங்களின் அடியிலோ தரையெங்கும் வெள்ளை. பனி என்று எண்ணிவிட வேண்டாம். அத்தனையும் பூக்கள்!

ஆங்கிலத்தில் இதனை ஸ்னோடிராப் என்பர். நாம் பனித்துளிப் பூ என்று சொல்லிக்கொள்வோம். ஒரு சாண் உயரம்கூட இராது. ஒரு தண்டுக்கு ஒரு பூ. அதுவும் தலைகுனிந்தே தொங்கும். அறிவியலார் இதற்கு இட்ட கலாந்தஸ் என்னும் பெயருக்குக் கிரேக்க மொழியில் ‘பால் மலர்’ என்று பொருள்.

அந்தத் தோட்டத்தில் மட்டும் 300க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன என்றாள் தங்கை. நின்றபடி பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. அங்கே தொண்டூழியம் செய்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி எங்கள் திகைப்பைக் கண்டு புன்னகைத்தார். “முதலில் குனியுங்கள். பிறகு பூவை மறந்துவிட்டு இலையைப் பாருங்கள்,” என்றார். நல்லாசிரியர் ஒருவரின் பாடம் அங்கே தொடங்கியது.

இந்தப் பூவுக்கு வெளியே மூன்று பெரிய இதழ்கள், உள்ளே மூன்று சிறிய இதழ்கள். உள்ளிதழின் நுனியில் சிறு பிளவும் அதையொட்டிப் பச்சைக் குறியும் இருக்கும். ஆறு இதழும் ஒரே அளவாக இருந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் புள்ளி இருந்தால் அது பனித்துளிப் பூவே அன்று. அதன் உறவுக்காரப் பூ.

அடுத்தது இலை. தரையைப் பிளந்து வரும்போது இலைகள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதுதான் இனத்தைக் காட்டிக்கொடுக்கும் முதன்மையான அடையாளம். பரவலாகக் காணப்படும் நிவாலிஸ் இனத்தில் ஒடுங்கிய இரண்டு இலைகள் கைகூப்பியதுபோல் ஒட்டி நிற்கும். எல்வீசியை இனத்தில் ஓர் அகன்ற இலை மற்றொன்றைச் சுருட்டி அணைத்திருக்கும். 1874இல் இன்றைய துருக்கியின் இஸ்மீர் நகருக்கு அருகில் இதனைக் கண்ட ஹென்றி ஜான் எல்வீஸ் என்பவரின் பெயரைத் தாங்கியது இவ்வினம். பிளிக்காட்டஸ் இனத்தின் இலையோரங்கள், சேலைக் கரையை மடித்துவிட்டதுபோல் பின்புறமாக மடிந்திருக்கும். இம்மூன்றின் இலைகளிலும் பெரும்பாலும் சாம்பல் கலந்த நீலச்சாயல் தெரியும். வொரோனோவியை இனத்தின் இலையோ பளபளக்கும் பச்சை.

மூன்றாவதாகத்தான் உள்ளிதழின் குறி. நிவாலிசில் அது கவிழ்த்து வைத்த ஆங்கில ‘வி’ எழுத்துப்போல் இருக்கும். எல்வீசியையில் பெரும்பாலும் நுனியில் ஒன்றும் அடியில் ஒன்றுமாக இரண்டு குறிகள். தலைகுனிந்த பூவின் உட்புறத்தை எப்படிப் பார்ப்பது? மூதாட்டி தம் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு கண்ணாடியை எடுத்துப் பூவுக்கு அடியில் பிடித்தார். கண்ணாடியில் பச்சைக் குறி தெளிவாகத் தெரிந்தது. என் தங்கை சிறுபிள்ளைபோல் கைதட்டினாள்.

அதன் பிறகு பார்த்த ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கியது. வெளியிதழ் நுனியிலும் பச்சை தீட்டியது விரிடாப்பிஸ். நீண்டு மெலிந்த காம்பில் இலேசான காற்றுக்கும் ஊசலாடுவது மேக்னட். பச்சைக்கு மாறாக மஞ்சள் குறி கொண்டது வெண்டிஸ் கோல்டு. தேன் மணம் வீசுவது எஸ். ஆர்னாட். உறைபனி இரவில் இச்செடிகள் தரையில் சாய்ந்துவிடுமாம். பனி விலகியதும் ஒன்றும் நடவாததுபோல் எழுந்து நிற்குமாம்.

இந்த நுண்ணிய வேறுபாடுகளுக்காக வாழ்நாளையே செலவிடுவோர் உள்ளனர். 2022இல் கோல்டன் டியர்ஸ் என்னும் வகையின் ஒரே கிழங்கு இணைய ஏலத்தில் 1,850 பவுண்டுக்கு விலைபோனது. இது மிகை என்று சிலர் எண்ணலாம். ஆனால், ஒரு பச்சைப் புள்ளியின் அருமையை உணரும் அளவுக்குக் கண்களைப் பழக்கியிருக்கிறார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது.

மார்ச்சில் பள்ளி திறந்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் இதே முறையைச் செய்து பார்த்தேன். மல்லிகை, நந்தியாவட்டை, பவளமல்லி ஆகிய மூன்று பூக்களை ஒவ்வொரு குழுவிடமும் கொடுத்தேன். மூன்றும் வெள்ளை. ‘அழகான’, ‘வெள்ளை’ என்னும் இரு சொற்களும் இல்லாமல் எழுத வேண்டும் என்பது மட்டுமே விதி.

முதல் ஐந்து நிமிடம் ஒருவரும் எழுதவில்லை. பிறகு, நந்தியாவட்டையின் இதழ்கள் காற்றாடிபோல் ஒரே பக்கம் திரும்பியிருப்பதை ஒருவன் கண்டான். அதன் காம்பை ஒடித்தால் பால் வடிவதை இன்னொருத்தி கண்டாள். பவளமல்லியைத் திருப்பிப் பார்த்த மாணவி, “டீச்சர், கீழே ஆரஞ்சாகக் குழல் மாதிரி இருக்கிறதே, இதற்குத் தமிழில் என்ன சொல்?” என்று கேட்டாள்.

நான் மகிழ்ந்தது அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான். சொல்லை நாம் திணிக்கவில்லை. கண் கண்டது, மனம் சொல்லைத் தேடியது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கிய மொழி நம்முடையது. அரும்பு, மொட்டு, மலர், வீ என்று பூவின் பருவத்துக்கெல்லாம் சொல் வைத்த மொழி. பார்க்கப் பழகாத பிள்ளைக்கு இவை யாவும் ஒப்புவிக்கும் பட்டியல்தான். பார்த்த பிள்ளைக்கோ அவை தேவைப்படும் சொற்கள்.

“இதற்குப் புள்ளிகள் கிடைக்குமா டீச்சர்?” என்று ஒரு தாயார் கேட்டார். உடனே கிடைக்கும் என்று நான் உறுதி கூறவில்லை. ஆனால், அவர் மகன் அந்த வாரம் எழுதிய ஆறு வரிகளும் வேறெந்தப் பிள்ளையின் ஏட்டிலும் இல்லாதவை. அதை அவரிடமே எடுத்துக் காட்டினேன். நெடுநேரம் படித்துக்கொண்டிருந்தார்.

பெற்றோர்களே, இவ்வாரம் உங்கள் பிள்ளையின் முன் ஒரே நிறத்தில் இரண்டு பூக்களை வையுங்கள். இலை, காம்பு, இதழ் என ஒரு வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் உடன் அமர்ந்து பாருங்கள். விடையை மட்டும் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.