டங்கா... டப்பா?

சமீபத்தில் ஒரு கார் வாங்கினேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. மாதத் தவணை எவ்வளவு என்று சொன்னால் நீங்களே 'அய்யோ பாவம்' என்பீர்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் குங்குமம் பூசி, வீட்டம்மா சூடம் காட்டி முடித்த நேரம். ஷோரூம் பையன் ஒரு படிவத்தோடு வந்து நின்றான்.

"சார், அண்டர்பாடி கோட்டிங் போட்டுருவோமா? ஆறாயிரத்து ஐந்நூறுதான். அஞ்சு வருஷத்துக்குத் துரு எட்டிப் பாக்காது."

போனில் ஒரு படமும் காட்டினான். அடிப்பக்கம் முழுக்கச் செல்லரித்த பலகை மாதிரி ஒரு கார். பக்கத்தில் கையுறை போட்ட வெள்ளைக்காரர். பின்னால் முழங்கால் உயரத்துக்குப் பனி.

"தம்பி, இது எந்த ஊரு?"

"யூ.எஸ். சார்."

நாங்கள் நின்றுகொண்டிருந்த இடம் மதுரை. தார் ரோடு உருகிச் செருப்பில் ஒட்டும் வெயில். வைகையில் தண்ணீர் வந்தால் ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். இங்கே பனிக்கு மருந்து விற்கிறானே என்று சிரித்துவிட்டேன். பையனும் கூடச் சிரித்தான். ஆனால், படிவத்தைப் பின்னால் எடுக்கவில்லை.

அந்தப் படத்தின் கதை எனக்குத் தெரியும். டொரன்டோவில் இருக்கும் என் சித்தப்பா பையன் ஒவ்வொரு குளிர்காலமும் போனில் புலம்புவான். பனிப்பொழிவு நாட்களில் அங்கே ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். உப்பு கலந்த தண்ணீர் சீக்கிரம் உறையாது, வண்டி வழுக்காது. அந்த உப்புக்கும் பஞ்சமில்லை. அவன் இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்திலேயே, கோடரிச் என்ற ஊரில், ஹியூரான் ஏரிக்கு அடியில் பிரமாண்டமான சுரங்கம் இருக்கிறது. நிலத்தடி உப்புச் சுரங்கங்களில் உலகத்திலேயே பெரியது. அங்கே தோண்டுவதில் ஒரு பங்கு கடைசியில் கார்களின் அடிவயிற்றில் போய் ஒட்டிக்கொள்கிறது. வருஷா வருஷம் குளிர் ஆரம்பிக்கும் முன் வண்டிக்கு அடியில் எண்ணெய் பீய்ச்சிவிடுவானாம். "நாம தலைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரிடா" என்பான்.

சரி, அது அவன் ஊர்க் கவலை என்று நினைத்துக்கொண்டே சாவியை வாங்கக் கை நீட்டியபோதுதான் அத்தான் ஞாபகம் வந்தது.

என் அக்காவைக் கட்டிக் கொடுத்தது மண்டபத்தில். ராமேஸ்வரம் தீவுக்குப் போகும் பாலம் ஆரம்பிக்கிற ஊர். அத்தானுக்கு மீன் வியாபாரம். பழைய வேன் ஒன்று வைத்திருந்தார். ராத்திரி மீனையும் ஐஸையும் பெட்டி பெட்டியாக அடுக்கிக் கிளம்பினால், விடிவதற்குள் மதுரை கரிமேடு மார்க்கெட். நான் பி.காம். முடித்து, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் ஊர் சுற்றிக்கொண்டிருந்த 2001-ல், ஒருநாள் அந்த வேனில் தொற்றிக்கொண்டேன்.

மீன் வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறீர்களா? வாசனை பத்து நிமிஷத்தில் பழகிவிடும். சத்தம்தான் பழகாது. வழி முழுக்கப் பின்னால் 'சொட்... சொட்...' என்று ஐஸ் தண்ணீர் வடிந்துகொண்டே வரும். மீன், உப்பு, ஐஸ் மூன்றும் கலந்த தண்ணீர். தரைப்பலகை இடுக்கு வழியாகச் சேஸிஸ் மேல் இறங்கும். அங்கிருந்து ரோட்டுக்கு. கொஞ்சம், பின்னால் வருகிற டூ வீலர்காரரின் வெள்ளைச் சட்டைக்கு.

பரமக்குடி தாண்டி, மானாமதுரையை நெருங்கும்போது மணி மூன்று இருக்கும். முன்னால் ஒரு மாட்டு வண்டி. அத்தான் பிரேக்கை மிதித்தார். பெடல் தரை வரைக்கும் போய் அப்படியே படுத்துவிட்டது. திரும்பவும் மிதித்தார். முன் சக்கரம் மட்டும் லேசாகப் பிடித்த மாதிரி இருந்தது. மாட்டு வண்டியை விட்டு விலக்கி, இடது பக்கம் ஒடித்தார். சீமைக் கருவேலங்காட்டுக்குள் வேன் புகுந்து, ஒரு பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றது.

கருவேலத்தை ஒழிக்க வேண்டும் என்று நானே இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன். அன்றைக்கு எங்களைத் தாங்கிப் பிடித்தது அதுதான். எனக்கு உடம்பெல்லாம் முள் கீறல். அத்தானுக்கு இடது கால் முறிந்துவிட்டது. பிளேட் வைத்தார்கள். இன்றைக்கும் அவர் நடந்து வந்தால் செருப்புச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

மறுநாள் மானாமதுரையில் ஒரு பட்டறையில் வேனைத் தூக்கி நிறுத்தினார்கள். மெக்கானிக் பாய், வயசானவர், ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு அடியில் நுழைந்தார். அதன் பிடியால் ஒவ்வோர் இடமாகத் தட்டிக்கொண்டே வந்தார். டங். டங். டங். டப்.

"கேட்டீங்களா தம்பி? டங்குனா இரும்பு. டப்புனா துரு."

டப் என்று சொன்ன இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தினார். வாழைத்தண்டில் கத்தி இறங்குவது போல இறங்கியது. பின் சக்கரத்துக்குப் போகிற பிரேக் பைப்பையும் காட்டினார். பென்சிலைவிடச் சன்னமான குழாய். ஒரு கிளிப் பிடித்திருந்த இடத்தில், உப்பு தங்கித் தங்கி, பொடிந்து போயிருந்தது. மேலே பெயின்ட்டெல்லாம் பளபள. 'மீன்கொடி' படம்கூட வரைந்து வைத்திருந்தார் அத்தான்.

நான் படித்த வணிகவியலில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. வருஷத்துக்கு 20 சதவிகிதம் கழி, மிச்சத்தில் மறுபடி 20 சதவிகிதம் கழி. அழகாகக் குறைந்துகொண்டே வரும். அந்தக் கணக்குப்படி அத்தான் வேனுக்கு அப்போதும் கௌரவமான மதிப்பு இருந்தது. துருவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அது கந்துவட்டி. இரும்பு துருவாகும்போது இடம் அதிகம் கேட்கும், உப்பும். உப்பி, மேலே இருக்கிற பெயின்ட்டைத் தூக்கும். தூக்கிய இடத்தில் இன்னும் ஈரம் நுழையும். அசலைத் தொடவே முடியாது.

'மதுரை காய்ஞ்ச ஊர்தானே, இங்கே என்ன?' என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுப்படிக்குப் போய்க் கல் உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். ஐப்பசி மாசத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே நசநச என்றிருக்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வண்டிக்கு அடியில், சேறு அப்பிய இடுக்கில் உட்கார்ந்தாலும் அதே வேலைதான். ரோடு காய்ந்து கிடக்கும், இடுக்கு காயாது. துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் வேலை மளமளவென்று நடக்கும்.

இதற்கென்றே நம் பக்கத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டியது. இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்க்க அவர்கள் மண்டபத்திலேயே ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள். இரும்பைக் கொல்ல அதைவிடத் தோதான காற்று வேறெங்கே கிடைக்கும்?

பாம்பன் பாலத்தைப் பாருங்கள். 1914-ல் திறந்தது. 1964 டிசம்பர் புயலில் சிதைந்ததை, ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் நிமிர்த்தினார்கள். புயலுக்கே தாக்குப்பிடித்ததைச் சத்தமில்லாமல் தின்றது உப்புக்காற்றுதான். வருஷம் முழுக்க யாராவது சுரண்டி, பெயின்ட் அடித்துக்கொண்டே இருப்பார்கள். 2022 டிசம்பரோடு அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதுப் பாலம் திறந்தார்கள். கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, மேலே பாலிசிலாக்சேன் என்ற விசேஷப் பூச்சு. பழைய பாலம் கற்றுக்கொடுத்த பாடம்.

ஆக, மாசம் ஒருமுறை மண்டபம் போய் வருகிற எனக்கு அந்த ஆறாயிரத்து ஐந்நூறு தண்டமா, தேவையா? படிவத்தில் கையெழுத்துப் போடாமல், "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று வண்டியை நேராகச் செல்லூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டேன். காரணம் இருக்கிறது. ஆபீஸ் நண்பர் ஒருவர் வேறொரு இடத்தில் கோட்டிங் போட்டார். அவசரத்தில் அடித்த பையன், கதவுக்குக் கீழே தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டைகளையெல்லாம் சேர்த்து அடைத்துவிட்டான். மழைத் தண்ணீர் உள்ளேயே தங்கி, மூன்றாம் வருஷம் கதவின் அடிவிளிம்பு உள்ளிருந்து அரித்து வெளியே வந்தது. காசு கொடுத்துத் துரு வாங்கிய கதை.

செல்லூர் அண்ணன் டார்ச்சை அடித்து ஒரு சுற்று பார்த்தார்.

"சார், இப்ப வர்ற வண்டியெல்லாம் கம்பெனியிலயே பாடி முழுசையும் பெயின்ட் தொட்டியில முக்கி, கரன்ட் விட்டு எடுக்கிறாங்க. இண்டு இடுக்கெல்லாம் பிடிச்சிரும். அடியில கல்லடி படாம இருக்க இந்தா, தனிப் பூச்சு. மதுரைக்குள்ளயே ஓட்டுறவருக்கு இது போதும். நீங்க கடலுக்குப் போறவரு. மெழுகு மாதிரி இளக்கமா இருக்கிறதை அடிக்கலாம், தப்பில்ல. கெட்டியா ரப்பர் மாதிரி அடிக்கிறது ஒருநாள் வெடிக்கும். வெடிப்புல தண்ணி போனா வெளிய வராது. அடியில துரு ஓடிக்கிட்டிருக்கும், மேல கறுப்பா அழகா இருக்கும்."

"பழைய என்ஜின் ஆயிலு?"

"அந்தக் காலத்து லாரிக்காரங்க அடிப்பாங்க. ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊறிப் போயிரும். சொட்டுற ஆயிலு மண்ணுக்கும் கேடு."

ஓட்டைகளையும் பிரேக்கையும் சைலன்சரையும் தொடாமல், அவரே மெழுகுப் பூச்சு அடித்துக் கொடுத்தார். வருஷம் ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும், பிரேக் பைப் கிளிப்புகளை முக்கியமாக. கடலோரம் போய் வந்த மறுநாளே அடியில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். "நல்ல தண்ணியில சார்" என்றார் அழுத்தி.

அங்கேதான் சிக்கல். எங்கள் தெரு போர் தண்ணீரில் பருப்பு வேகாது. துணி காய்ந்தால் வெள்ளை பூக்கும். வாட்டர் சர்வீஸ் கடைகளில் கேட்டுப் பார்த்தேன். "உங்க போர்ல உப்பு உண்டா?" என்றதும் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கார் குடிக்கவா போகுது?" என்றார்.

முதல் பயணம் மண்டபத்துக்குத்தான். அதற்கு முன் வீட்டம்மா ஆசைப்பட்டாரே என்று அரிச்சல்முனை வரை போனோம். 2017-ல் அந்த ரோடு திறந்ததிலிருந்து கூட்டம் அள்ளுகிறது. போகிற வழியில் ஒரு புத்தம்புது ஜீப்பை அலைக்குள்ளேயே இறக்கி, சக்கரம் நனைய நனைய வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள் நாலு பையன்கள். சந்தோஷமாக இருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் உறுத்துகிறது.

மண்டபத்தில் அக்கா ஆரத்தி எடுத்தாள். அத்தான் காரின் நிறத்தைப் பார்க்கவில்லை, உள்ளே திரையைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். மடங்காத காலை நீட்டியபடி தரையில் சரிந்து உட்கார்ந்து, அடியில் தலையை நுழைத்தார்.

டங்.

"அத்தான், புது வண்டி..."

"சும்மா இரு மாப்ள."

டங். டங். நாலு பக்கமும் நகர்ந்து நகர்ந்து தட்டினார். பின் சக்கரத்துக்கு உள்பக்கம் விரலை விட்டு, அப்பியிருந்த ஈர மணலை வழித்தெடுத்து நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். என்னை முறைத்தார்.

அக்கா விலைக்கு வாங்கி வைத்திருந்த நல்ல தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இதை ஊத்திக் கழுவிரவா?"

"குடிக்கிற தண்ணியடி அது" என்றார் அத்தான். குடத்தைப் பார்த்தார். காரைப் பார்த்தார். "சரி, பின் சக்கரத்துக்கு மட்டும் ஒரு சொம்பு ஊத்து. பைப் இருக்கிற பக்கமா."