குழந்தைக்கு மருந்து கொடுப்பதா?

நமது வீட்டில் சென்ற ஆறு மாத காலமாக ஒரே விஷயந்தான் விவாதிக்கப்பட்டு வருகின்றது. அஃதாவது, ஆட்டிஸம் உள்ள நமது மகனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைக் கொடுப்பதா, கொடாது விடுவதா என்பதேயாகும். இது ஒரு குடும்பத்தின் சொந்த விஷயமாயிற்றே, இதைப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இத்தகைய குழந்தைகள் இல்லாமலில்லை. விருந்தினர் வந்தால் உள்ளறையில் விட்டுக் கதவு சாத்தப்படும் குழந்தைகள் எத்தனை பேர் என்பதைச் செக்ரோல் புத்தகமும் கையுமாய்த் திரியும் நம்போன்ற கிராணிமார் நன்கறிவர். அக்குழந்தைகளின் பெற்றோரை நினைத்தே இதனை எழுதத் துணிந்தோம்.

ஆட்டிஸம் இன்னதென்று முதலில் சொல்லிவிடுவோம். நம்மவர் சிலர் இதனை மதியிறுக்கம் என்று எழுதுவர்; அச்சொல் நமக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, நமது பையனின் மதியில் இறுக்கம் ஒன்றையும் நாம் கண்டதில்லையாதலால். 1943ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து லியோ கானர் என்னும் வைத்தியர் 11 குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதிய பிறகே இதற்கு வைத்திய உலகில் தனி இடம் கிடைத்தது. இது தொற்று வியாதியன்று. மூளை வளரும் முறையே தொடக்கத்திலிருந்து வேறாக அமைவதாகும். பேச்சு தாமதப்படும், அல்லது வராமலே போகும்; பிறர் முகம் நோக்கிப் பழகுவது கடினமாகும்; செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வதில் மனம் செல்லும்; சில ஓசைகள் தாங்க முடியாதவையாகும். தாயின் அன்பு போதாமையால் வருவது இது என்று படித்தவர்களே ஒரு காலத்தில் சொல்லி வந்தனர். புரூனோ பெட்டெல்ஹைம் என்பவர் 1967இல் அக்கொள்கையை வைத்து ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு மூன்று வருஷம் முன்னதாகவே பெர்னார்ட் ரிம்லாண்ட் என்பவர், தாமே இத்தகைய மகனைப் பெற்ற தந்தையாயிருந்து, அதை மறுத்து எழுதியிருந்தார். இன்று வைத்தியர்களிடையே அக்கொள்கை ஒழிந்தது. ஆனால் கோயில் வாசலிலும் கலியாண வீட்டிலும் ஒழிந்ததா? பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்தினால் சுற்றியுள்ளோர் கண்கள் முதலில் போவது தாயின் முகத்துக்குத்தான்.

நமது மகனுக்கு ஐந்து வயது கடந்து பல மாதங்கள் ஆகின்றன. பத்துப் பதினைந்து சொற்கள் சொல்லுவான். பழக்குலை ஏற்ற வரும் லாரியின் நம்பரை ஒருமுறை கண்டால் மறவான். சுண்ணக்கட்டியால் அதனைச் சுவரில் எழுதிவிட்டு, எழுதியதைப் பார்த்துத் தனக்குள் சிரிப்பான். ஒன்றரை வயதில் சர்க்கார் கிளினிக்கில் கேட்ட கேள்வித்தாளிலிருந்தே சந்தேகம் எழுந்து, மூன்று வயதில் நிச்சயமாயிற்று. அதுவரையில் நமக்கு வருத்தமிருந்ததேயன்றி அச்சமில்லை. அச்சம் வந்தது, அவன் தன்னைத்தானே அடித்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு. தலையைச் சுவரில் மோதுவான். இடக்கை மணிக்கட்டைக் கடிப்பான். கடித்துக் கடித்து அவ்விடம் தோல் தடித்துக் காய்ப்பேறிவிட்டது.

யோசனை சொல்ல வந்தவர்களுக்குக் குறைவில்லை. நமது தாயார் கறுப்புக் கயிறு கட்ட வேண்டுமென்றார். பக்கத்துத் தோட்டத்து மண்டோர் குறி சொல்பவர் ஒருவரிடம் அழைத்துப்போவதாகச் சொன்னார். இவர்களிடம் நமக்குக் கோபமில்லை, பிள்ளையிடம் பிரியமுள்ளவர்கள். நாம் அஞ்சுவது வேறொரு கூட்டத்தாரை. பட்டணத்திலுள்ள படித்த நண்பர்கள் நமது கைப்பேசிக்கு ஆங்கிலத்தில் அனுப்பி வைத்த வைத்தியங்களை ஒன்று சேர்த்தால் ஒரு புத்தகமாகும். தடுப்பூசியால் வந்தது என்பார் ஒருவர். அப்பழிக்கு மூலமாயிருந்தது 1998இல் லான்செட் பத்திரிகையில் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட கட்டுரை. 2010இல் அப்பத்திரிகையே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. செக்ரெட்டின் என்னும் ஊசியின் கதை இன்னும் விசேஷமானது. அதைப் போட்டால் குழந்தை தேறுமென்று 1998இல் செய்தி பரவி, அமெரிக்கப் பெற்றோர் பலர் அதற்காக அலைந்தனர். 1999இல் ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு அவ்வூசியும் மற்றப் பகுதியாருக்கு வெறும் உப்புநீரும் போட்டுச் சோதித்ததில் இரண்டுக்கும் பேதம் காணவில்லை. வேடிக்கை யாதெனில், இம்முடிவை அறிந்த பின்னும் அப்பெற்றோரில் பெரும்பாலார் அவ்வூசியின்மீது வைத்த ஆவலை விடவில்லை என்பதே. நாம் சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நடு இரவில் பிள்ளையின் தலை சுவரில் மோதும் சத்தத்தைக் கேட்டவர்கள் சிரிக்கமாட்டார்கள். ஓலையில் எழுதியிருந்தால் தள்ளிவிடுகிற ஒன்றை, ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தால் வாங்கிக்கொள்ளுகின்றோமே என்பதற்காகவே சொல்லுகின்றோம்.

இந்நிலையில் பட்டணத்துப் பாலர் பள்ளி ஒன்றில் பையனைச் சேர்த்தோம். மூன்றாவது வாரம் நம்மை அழைத்து, "மருந்து கொடுத்து அடக்கிக்கொண்டு வாருங்கள், இல்லையேல் வேறு இடம் பாருங்கள்" என்றனர். 'அடக்கி' என்னும் அந்தச் சொல்லை நமது துணைவியார் மறக்கவேயில்லை. ஆகவே, ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாள் ரிஸ்பெரிடோன் என்னும் மருந்தைப் பற்றிப் பேச்செடுத்தபோது அவர் காதில் பள்ளிக்கூடத்தார் குரலே விழுந்தது. "தூங்க வைத்து மூலையில் உட்கார்த்துவதற்குத்தானே?" என்று கேட்டுவிட்டார். டாக்டர் அம்மாள் முகம் சுளிக்கவில்லை. "இம்மருந்து ஆட்டிஸத்துக்கு அன்று, அதற்கு மருந்தே கிடையாது. இது பேச்சைக் கொண்டுவராது. பழக்கத்தையும் மாற்றாது. அவன் தன்னை இப்படி அடித்துக்கொள்வதைக் குறைக்கலாம், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

நாம் யோசித்தோம். 2003இல் பள்ளிகளில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றிய காலத்து மாணவராதலால், மருந்துப் பெட்டியிலிருக்கும் சிற்றெழுத்துத் தாளை வாசிக்க நமக்குத் தெரியும். இரவில் அதனைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தோம். பெரியவர்களின் மனச்சிதைவு நோய்க்கென்று வந்த மருந்து என்னுமிடத்தில் துணைவியார் எழுந்துவிட்டார். "பைத்தியத்துக்குக் கொடுப்பதையா என் பிள்ளைக்கு ஊற்றப் போகிறீர்கள்?" ஒரு மருந்தை வேறு யார் உண்கிறார்கள் என்பது அதன் குணத்தைக் காட்டாது என்றோம். அவர் சமாதானமடையவில்லை. அடைந்திருந்தால் மேற்கொண்டு நாம் இத்தனையும் வாசித்திருக்கவும் மாட்டோம்.

வாசித்தறிந்தது இது. 2002இல் அமெரிக்காவில் 5 முதல் 17 வயது வரையுள்ள 101 பேருக்கு எட்டு வாரம் சோதனை நடந்தது. அனைவரும் ஆட்டிஸத்தோடு கடும் சினமோ தன்னை வருத்திக்கொள்ளும் இயல்போ உடையவர்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரிஸ்பெரிடோனும் மற்றவர்க்கு அதைப்போன்ற வெற்று மருந்தும் கொடுத்தனர். யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது. மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு 69 பேர் நன்கு தேறினர். வெற்று மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு 12 பேர். அதே எட்டு வாரத்தில் மருந்து உண்டவர்களின் எடை சராசரி 2.7 கிலோ ஏறிற்று, மற்றவர்க்கு 0.8 கிலோ. பசி மிகுதி, சோர்வு, தூக்கம், வாயில் நீர் வடிதல் ஆகியவையும் காணப்பட்டன. நெடுநாள் உண்பவர்க்கு இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும், சிலருக்கு வாயும் நாவும் தம்மையறியாது அசையும் வியாதியும் வரக்கூடும். 2006இல் அமெரிக்க அரசாங்கம், 5 வயது முதல் 16 வயது வரை இக்காரியத்துக்கு இம்மருந்தை அங்கீகரித்தது. 2009இல் அரிபிப்ரஸோல் என்னும் மற்றொன்றையும் அங்கீகரித்தது. வேறொரு சோதனையில், சில மாதம் உண்டு தேறியவர்களுக்கு மருந்தை மெல்ல நிறுத்திப் பார்த்தபோது பாதிப்பேருக்கு மேல் பழைய நிலை திரும்பிற்று.

தாயத்துக்காரரிடம் நாம் கேட்பது என்ன? இதனால் ஆவது என்ன, எத்தனை பேருக்கு ஆயிற்று, ஆகாவிட்டால் எப்போது தெரியும், இதனால் வரும் தீங்கென்ன என்பவைதாமே. அக்கேள்விகளையே டாக்டரின் சீட்டிடமும் கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு. தாயத்து பதில் சொல்லாது. சீட்டு பதில் சொல்லிற்று. பதிலில் பாதி நமக்குப் பிடிக்காததாயிருந்தது.

ஆனால் நூற்றொரு பேரின் கணக்கு வேறு, நமது பையனின் கணக்கு வேறு. அவனுடைய கணக்கை யார் எழுதுவது? பெரட்டுக் களத்தில் தினமும் பேர் எழுதுகிற கைக்கு அது பெரிய வேலையா? ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, எத்தனை மணிக்கு அடித்துக்கொண்டான், அதற்கு முன் என்ன நடந்தது, என்ன தின்றான், எப்போது வெளிக்குப் போனான் என்று நாமும் துணைவியாரும் மாறி மாறி எழுதினோம். முதல் 28 நாளில் 203 தடவை. எழுத எழுதச் சில விஷயங்கள் புலப்பட்டன. ஆலைச் சங்கு ஊதும் நேரங்களிலும், புல்வெட்டும் இயந்திரம் வீட்டோரம் வரும் நாட்களிலும் எண்ணிக்கை ஏறியிருந்தது. மூன்று நாள் மலம் கழியாதிருந்தால் மூன்றாம் நாள் இரவு முழுதும் கடி. வயிறு வலிக்கிறதென்று சொல்லச் சொல்லில்லாத குழந்தை வேறு எவ்விதம் சொல்லும்? புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் அம்மாள் அதைப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, மருந்தைப் பிறகு பார்க்கலாமென்று மலம் இளக்கும் நீர்மருந்து கொடுத்தார். பல் வைத்தியரிடமும் அனுப்பினார். கடைவாய்ப் பல்லில் சொத்தை இருந்தது. காதை மூடும் கருவி ஒன்று நாற்பது வெள்ளிக்கு வாங்கினோம். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், வேண்டியதைப் படம் காட்டிக் கேட்கும் அட்டைகளைப் பழக்கினார். தண்ணீர்ப் படத்தை எடுத்துக்கொண்டு அவன் நமது மேசைக்கு வந்த நாளில் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனோம்.

அடுத்த 28 நாளில் 121.

பெரிய லாபந்தான். இத்துடன் விட்டுவிடலாமென்று துணைவியாரும், இன்னும் பார்க்கலாமென்று நாமும் ஒரு மாதம் கழித்தோம். 121 அங்கேயே நின்றது. சங்கும் இல்லை, வயிற்றுவலியும் இல்லை; காரணம் ஒன்றும் எழுத முடியாத கட்டங்களே மிகுந்தன. ஓரிரவு மணிக்கட்டு கிழிந்து இரத்தம் வந்தது. தோட்டத்து டிரெஸரிடம் ஓடிக் கட்டுப் போட்டுத் திரும்பும்போது, கட்டின்மேலேயே மறுபடி கடித்தான்.

அதன் பிறகு நடந்த விவாதம் நீளமானதன்று. நாம் ஒரு கேள்வியை மட்டும் வைத்தோம்: யாருக்காகக் கொடுப்பது? பாலர் பள்ளிக்காக என்றால் வேண்டாம். அடுத்த குவார்ட்டர்ஸ்காரர் தூங்குவதற்காக என்றாலும், கோயிலில் நமக்கு வெட்கம் நேராதிருப்பதற்காக என்றாலும் வேண்டாம். அவனுக்காக என்றால் பேசலாம். துணைவியார் நெடுநேரம் சும்மாயிருந்தார். பிறகு, "நாம் பயப்படுகிறோம் என்பதற்காக அவனை இப்படியே கடித்துக்கொள்ள விடுவதா?" என்றார். மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வெறுங்கையுடன் போகவில்லை, நிபந்தனைகளை எழுதிக்கொண்டு போனோம். மருந்துக்கு முன் எடையும் இரத்தமும் பார்க்க வேண்டும். குறைந்த அளவில் தொடங்க வேண்டும். மந்தமாகி, லாரி நம்பர் எழுதும் விளையாட்டையும் விட்டுவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும். எத்தனை மாதத்துக்கொருமுறை குறைத்துப் பார்ப்பதென்று இன்றே பேச வேண்டும். டாக்டர் அம்மாள் எல்லாவற்றுக்கும் சம்மதித்து, தம் பங்குக்கு ஒன்று சேர்த்தார்: நாமாக ஒருபோதும் திடீரென்று நிறுத்தக்கூடாது. பெற்றோருக்கான பயிற்சியையும் விடக்கூடாதென்றார். 2009இல் 124 குழந்தைகளை வைத்து நடந்த சோதனையில், மருந்து மட்டும் பெற்றவர்களைவிட, மருந்துடன் பெற்றோரும் பயிற்சி பெற்ற குழந்தைகள் குறைந்த அளவு மருந்திலேயே மிகுதியாகத் தேறினர் என்பதை நாமும் வாசித்திருந்தோம். 18 கிலோ எடைக்குக் கால் மில்லிகிராம் என்று இரவில் தொடங்கினோம். இரண்டு வாரத்துக்குப் பின் அரை மில்லிகிராம்.

இன்று ஒன்பதாவது வாரம். சென்ற 28 நாளின் எண்ணிக்கை 46. இதில் எவ்வளவு மருந்தால், எவ்வளவு நாள் சென்றதால் என்று நமது புத்தகம் சொல்லாது; அந்த வைத்தியர்கள் பாதிப் பேருக்கு வெற்று மருந்து கொடுத்ததன் நியாயம் நமக்கு இப்போதுதான் நன்றாக விளங்குகின்றது. லாரி நம்பர்கள் முன்போலவே சுவரில் ஏறுகின்றன. மணிக்கட்டில் தோல் மெதுவாகிக்கொண்டு வருகின்றது. மேற்படி பாலர் பள்ளிக்கு நாம் ஒன்றும் தெரிவிக்கவில்லை. சமூக நல இலாகாவில் ஓகேயூ அட்டைக்குப் பதிந்து, அரசாங்கப் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்புக்கு எழுதியிருக்கின்றோம்.

எடை 19.6 கிலோ. சாப்பிட்டு ஒரு மணிக்குள் மறுபடி சோற்றுப்பானை இருக்குமிடத்துக்கு நமது கையைப் பிடித்து இழுக்கின்றான். படம் காட்டிச் சோறு கேட்கக் கற்றுக்கொடுத்தவர்களே இல்லையென்று சொல்லவேண்டியிருக்கிறது. வெள்ளரிக்காய் நறுக்கி வைத்திருக்கின்றோம். இன்னும் ஒரு கிலோ ஏறினால் அளவைக் குறைக்கச் சொல்லவேண்டுமென்று துணைவியார் சொல்லுகின்றார். குறைத்தால் எண்ணிக்கை ஏறுமே என்று நாம் சொல்லுகின்றோம். அடுத்த மாதம் 14ஆந் தேதி இரத்தம் எடுக்கப் போகும்போது புத்தகத்தை டாக்டர் அம்மாள் முன் வைத்து இருவரும் பேசுவதாக இருக்கின்றோம்.