யாரும் சொல்லித்தராத பாடம்

இரண்டரை வயதுப் பிள்ளை 'நானுக்கு வேணும்' என்கிறது. 'எனக்கு வேணும்னு சொல்லுடா கண்ணு' என்று பாட்டி திருத்துகிறார். அடுத்த நிமிடமே மறுபடியும் 'நானுக்கு'தான்!

வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லையே, பிள்ளை எங்கிருந்து பிடித்தது? அவனுக்கு, இவனுக்கு, அண்ணனுக்கு என்று காதில் விழுந்ததை வைத்துத் தானே ஒரு விதியைக் கண்டுபிடித்திருக்கிறது. நமக்குத் தப்பாகப் படுவது, அதன் கணக்கில் இலக்கணம். இந்தத் திறமை பிறவியிலேயே இருக்கிறது என்றார் மொழியியல் அறிஞர் நோம் சாம்ஸ்கி. எவ்வளவு பிறவி, எவ்வளவு பழக்கம் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால், மத்திய அமெரிக்காவின் நிகராகுவா நாட்டில் நடந்தது யாரையும் யோசிக்க வைக்கும்.

தலைநகர் மனாகுவாவில் 1977-ல் ஒரு சிறப்புப் பள்ளி தொடங்கியது. அதுவரை வீட்டோடு கிடந்த காது கேளாத பிள்ளைகள் அங்கே ஒன்றுசேர்ந்தார்கள். உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிஷ் படிக்கச் சொல்லித்தந்தார்கள் ஆசிரியர்கள். பெரிய பலனில்லை. பிள்ளைகளோ, விளையாடும்போதும் பஸ்ஸில் போகும்போதும் ஆளுக்கொரு வீட்டுச் சைகையைக் கலந்து பேசிக்கொண்டார்கள்.

பின்னால் வந்த குட்டிப் பிள்ளைகள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 'உருண்டு இறங்கியது' என்பதை, கையைச் சுழற்றியபடியே கீழே கொண்டுபோய்க் காட்டினார்கள் மூத்தவர்கள். சின்னவர்கள் உருள்வதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என இரண்டு சைகைகளாகப் பிரித்து, அடுத்தடுத்து வைத்தார்கள். 1986-ல் அமெரிக்க மொழியியலாளர் ஜூடி கெகல் வந்து பார்த்தபோது, மூத்தவர்களைவிடச் சின்னவர்களின் சைகையே சரளமாக இருந்தது.

இதில் ஒரு வேதனையும் உண்டு. மொழியே இல்லாமல் வளர்ந்து, வயது கடந்து வந்தவர்களுக்கு அந்தச் சரளம் கடைசிவரை கைகூடவில்லை. திறமை பிறவியில் வந்தாலும், சின்ன வயதிலேயே அதற்குத் தீனி கிடைக்க வேண்டும்.

அதனால், மழலையில் தப்பு வந்தால் கவலை வேண்டாம். போகப் போகச் சரியாகிவிடும். பேச்சே வராத பிள்ளையைத்தான் கவனிக்க வேண்டும். 'இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்' என்று காத்திருக்காமல், முதலில் காதைப் பரிசோதித்துவிடுங்கள். கேட்கவில்லை என்று தெரிந்தால், மற்ற சிகிச்சைகளோடு சைகை மொழியையும் அன்றே தொடங்கலாம். அம்மாவும் அப்பாவும் சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம். பிள்ளை சீக்கிரமே அவர்களை முந்திவிடும்.