மாத்திரை மட்டும்தானா டாக்டர்?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். மூணாவது கீமோ முடிஞ்சு பத்தாவது நாள். அம்பத்தூர் எஸ்டேட் டிராஃபிக்ல நீந்தி ராத்திரி ஆவடி வீட்டுக்கு வந்தா, அம்மா போர்வைக்குள்ள சுருண்டு கிடக்காங்க.

"ஒண்ணுமில்லப்பா, லேசா உடம்பு சுடுது. ஒரு பாராசிட்டமால் போட்டுக்கறேன். நீ சாப்பிடு."

தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தா 101.

நல்லவேளை, மாத்திரை போடறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். கீமோவுக்கு அப்புறம் 7-லிருந்து 14 நாளுக்குள்ளதான் பெரும்பாலும் வெள்ளையணுக்கள் ரொம்பக் குறையும். அதுல நியூட்ரோஃபில் 500-க்குக் கீழ போயிட்டா, கிருமி உள்ளே வந்தாலும் எதிர்க்க ஆள் கிடையாது. பல சமயம் காய்ச்சல் ஒண்ணுதான் அலாரம். பாராசிட்டமால் அந்த அலாரத்தை ம்யூட் பண்ணிடும்.

உடனே கார் பிடிச்சு அடையாறு பக்கம் இருக்கற ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தம் எடுத்த கையோட முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக் கொடுத்துட்டாங்க. நியூட்ரோஃபில் 380. டாக்டர் ஒரு பேப்பர்ல மார்க் போட ஆரம்பிச்சார். 'மாஸ்க்' ஸ்கோராம். ரத்த அழுத்தம் குறையலையா, 5. நீர்ச்சத்து வத்தலையா, 3. வயசு அறுபதுக்குக் கீழயா, 2. மொத்தம் 26, பாஸ் மார்க் 21. அம்மா 24. நான் காலேஜ்ல வாங்காத பர்சென்டேஜ்!

நாலு மணி நேரத்துக்கு மேல பக்கத்துலயே வெச்சுப் பாத்துட்டு, "மாத்திரை தர்றேன், வீட்டுக்குப் போகலாம்"னார். எனக்குப் பகீர்னு ஆச்சு. ட்ரிப்ஸ் ஏத்தினாத்தானே நம்ம ஊர்ல வைத்தியம்?

அப்புறம் தேடிப் படிச்சேன். 1999-ல 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்'ல ரெண்டு ஆய்வு வந்திருக்கு. ஆபத்து குறைவான நோயாளிகளுக்கு சிப்ரோஃப்ளாக்சாசினும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டும் மாத்திரையா கொடுத்தப்போ, ஊசிக்கு ஈடாவே வேலை செஞ்சிருக்கு. ஆனா அவங்களை ஆஸ்பத்திரியிலயே வெச்சிருந்தாங்க. இன்னொண்ணு, சிப்ரோவுக்கு அடங்காத கிருமிகள் நம்ம நாட்டுல ரொம்ப அதிகம். அதனால அங்க எழுதினதை இங்க காப்பி-பேஸ்ட் பண்ண முடியாது. எந்த மருந்துன்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

டாக்டர் கேட்ட கடைசிக் கேள்விதான் இன்னும் மனசுல நிக்குது. "திரும்பக் காய்ச்சல் ஏறினா எவ்வளவு நேரத்துல இங்க வருவீங்க?" 2018-ல வந்த அமெரிக்க வழிகாட்டுதல்படி, வீடு ஒரு மணி நேரத்துக்குள்ள அல்லது 48 கிலோமீட்டருக்குள்ள இருக்கணும். ஆவடியிலிருந்து அடையாறு சுமார் 30 கிலோமீட்டர். தூரத்துல பாஸ். காலை ஒன்பது மணி, பாடி, கோயம்பேடு, கிண்டின்னு கணக்குப் போட்டா நேரத்துல ஃபெயில். 'அல்லது' போட்டதால கண்டிஷன் ட்ரூ. ப்ரோகிராம்ல அது போதும். அம்மா விஷயத்துல போதுமா?

அதனால அஞ்சு நாள் வொர்க் ஃப்ரம் ஹோம். நாலு மணிக்கு ஒரு தடவை டெம்பரேச்சர், நோட்டுல குறிப்பு, தெருமுனை டிரைவர் அண்ணன் நம்பர் ஸ்பீட் டயல்ல. அப்போதான் புரிஞ்சுது. மாத்திரைங்கறது சின்ன வைத்தியம் இல்ல, வார்டையே நம்ம வீட்டுக்கு மாத்தறது. நர்ஸ் வேலை நமக்கு.

அஞ்சாம் நாள் கவுண்ட் ஏறிடுச்சு. அடுத்த கீமோ வர்ற வியாழக்கிழமை. தெர்மாமீட்டருக்குப் புது பேட்டரி வாங்கியாச்சு.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு மெடிக்கல் ஷாப்ல நீங்களா மாத்திரை வாங்கிடாதீங்க மக்களே. கீமோ நடக்கும்போது 100.4 தாண்டினா, ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.