இரண்டு தூளியும் அம்மாவின் கூலியும்

இரவு இரண்டு மணி. இரட்டையரில் பையன் அழுதான். அந்தச் சத்தத்தில் பாப்பாவும் எழுந்துவிட்டாள். அவளுக்கு நான் பால் கொடுக்க, இணையர் அவனைத் தோளில் போட்டுத் தட்டினார். ஐந்து வயது மூத்தவள் அரைத்தூக்கத்தில், "இன்னைக்காவது எனக்குக் கதை சொல்லுவியாம்மா?" என்றாள். அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டது என் அம்மாதான்.

திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்புகிறேன். 2017 சட்டத் திருத்தத்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. 50 பேராவது வேலை செய்யும் இடத்தில்தான் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். எங்கள் அலுவலகத்தில் பதினாறு பேர். ஆகவே காப்பகமும் அம்மாதான்.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார் அம்பேத்கர். ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்கான அந்தச் சட்டம் அடுத்த ஆண்டே வந்தது. என் விடுப்பு அந்த வழியில் வந்ததுதான். வயல்கூலியான அம்மாவிடம் மட்டும் அது வந்து சேரவில்லை. என்னைப் பெற்ற ஒரு மாதத்தில் நடவுக்குப் போனார். வரப்போர வேப்பமரத்தில் என் தூளி தொங்கியது.

இப்போது எனக்காக நடவையும் நூறு நாள் வேலையையும் விட்டு வந்திருக்கிறார். அந்தக் கூலியை எந்தச் சட்டமும் கணக்கில் எழுதவில்லை. சமூகவியல் படித்த நானும் இத்தனை மாதம் எழுதவில்லை. கேட்டால், "பேரப்புள்ளைங்களப் பாக்க எவளாச்சும் கூலி வாங்குவாளா?" என்று சிரிக்கிறார்.

இந்த மாதத்திலிருந்து அவர் இழக்கும் கூலியை அவர் வங்கிக் கணக்கில் போடப்போகிறோம். அம்மா திட்டுவார். திட்டட்டும்.