மலை ஓடைகள் – 6: தீர்த்தனில் தூண்டில் வீசாத அரை மணி

சென்ற வாரம் இமாசலத்தின் ஜலோரி கணவாயைத் தாண்டிப் பஞ்சாரில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து குஷைனிக்குப் போகும் சாலை தீர்த்தன் ஆற்றை ஒட்டியே செல்கிறது. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பெரிய இமயமலைத் தேசியப் பூங்காவின் உயரங்களில் பிறந்து, லார்ஜியில் பியாஸோடு கலக்கும் ஆறு இது. செயற்கை ஈ கட்டிய தூண்டிலோடு ட்ரவுட் மீனைத் தேடி வருகிறவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்கு ஆறு புதிது. கையில் இருப்பது ஒரு மாலைப்பொழுது. அக்டோபரில் அதுவும் குறுகிப்போகிறது. மலைகள் இருபுறமும் நெருங்கி நிற்பதால், அஸ்தமனத்துக்கு வெகுமுன்பே வெயில் தண்ணீரை விட்டுச் சரிவில் ஏறிவிடுகிறது. ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். அதில் முதல் அரை மணி நேரம் தூண்டிலை வீசவே கூடாது என்பது என் கட்சி.

ட்ரவுட் வரவு செலவு பார்த்து வாழும் மீன். ஓட்டத்தை எதிர்த்து நிற்பது அதற்குச் செலவு. தண்ணீர் அடித்துக்கொண்டு வரும் பூச்சிகள் வரவு. ஆகவே செலவு குறைந்து வரவு கூடுகிற இடத்தில்தான் அது நிற்கும்: வேக நீரும் மெத்தென்ற நீரும் உரசிக்கொள்ளும் கோட்டில், பாறைக்கு முன்னும் பின்னும் ஓட்டம் தணிகிற இடத்தில், கூழாங்கல் சரிவு மடுவுக்குள் இறங்கும் விளிம்பில். இங்குள்ள பழுப்பு ட்ரவுட் இந்த மண்ணின் மீன் அல்ல. 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து காஷ்மீருக்கு வந்த முட்டைகள் அங்கே பிழைத்தன. 1909-இல் காஷ்மீரிலிருந்து குலு பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்து கட்ரைன் அருகே பொரிக்க வைத்தார்கள். கடல் கடந்து வந்தும் அந்த மீன் தன் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. ஓடை நமக்கு எவ்வளவு புதிதாக இருந்தாலும் அது நிற்கும் இடத்தை ஊகிக்க முடிவது இதனால்தான். ஆனால் கரையில் இறங்கியதும் தூண்டில் நரம்பைச் சுழற்றத் தொடங்குகிறவருக்கு இது எதுவும் கண்ணில் படாது. மீனுக்கு மட்டும் அவர் நன்றாகத் தெரிவார். நீருக்கு அடியிலிருந்து பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 டிகிரி விரிவுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரிகிறது. நிமிர்ந்து நிற்கும் உருவம் அதில் துலக்கமாக விழும்; குனிந்த உருவம் சாளரத்தின் ஓரத்தில் நசுங்கி மங்கிவிடும். ஓட்டத்தை நோக்கியே நிற்பதால் மீனுக்குப் பின்புறம் சரியாகத் தெரியாது. ஆகவே ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து, தாழ்ந்து, மெதுவாக அணுக வேண்டும். அவசரத்துக்கும் இதற்கும் ஒத்துவராது.

மாலை என்ற சொல்லே இங்கு ஏமாற்றக்கூடியது. இங்கிலாந்தின் டெஸ்ட், இட்சன் போன்ற சுண்ணாம்பு நிலத்து ஆறுகளில் கோடை அந்தியில் பூச்சிகள் மொய்க்க, மீன்கள் மேலெழுந்து கவ்வும். தூண்டில் நூல்கள் பல அந்த ஆறுகளைப் பார்த்து எழுதப்பட்டவை. அங்கே நிலத்தடி ஊற்றுநீர் ஆண்டு முழுவதும் சீராக வருகிறது. தீர்த்தனோ பனியை நம்பிய ஆறு. மே, ஜூன் மாதங்களில் பகல் வெயிலில் உருகிய பனிநீர் கீழே வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். நூல் சொல்லும் நல்ல நேரத்தில் தண்ணீர் கூடி, குளிர்ந்து, கலங்கியும் போகலாம். அக்டோபரில் உருகல் அடங்கி ஆறு தெளிந்துவிடும். ஆனால் வெயில் போனதும் நீர் சட்டென்று குளிரும், பூச்சிகளும் அடங்கும். அந்தி வரட்டும் என்று காத்திருப்பவர், வெயில் கடைசியாக நின்ற நல்ல பொழுதைக் கோட்டைவிடக்கூடும். எது நல்ல நேரம் என்பதைத் தண்ணீரில் கை வைத்து, ஒரு கல்லைப் புரட்டி, அதன் அடியில் ஒட்டியிருக்கும் மேஃப்ளையின் இளம்பூச்சிகளான நிம்ஃப்களையும் காடிஸ் கூடுகளையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பிறகுதான் மிதக்கும் ஈயா, மூழ்கும் நிம்ஃபா என்ற கேள்வியே வரும்.

இருப்பதே ஒன்றரை மணி நேரம், அதில் மூன்றில் ஒரு பங்கை வேடிக்கை பார்த்தா கழிப்பது என்று கேட்கலாம். தெளிந்த நீரில் தவறாக விழுந்த முதல் வீச்சு அந்த மடுவையே கலைத்துவிடும். ஒளிந்துகொண்ட மீன் மீண்டும் இரைக்கு வர வெகுநேரம் ஆகும். இழப்பின் கணக்கு அங்கேதான் இருக்கிறது. உள்ளூர் ஆள் ஒருவரை அழைத்துக்கொண்டால் போதாதா என்பது இதைவிட வலுவான கேள்வி. அழைத்துக்கொள்வது நல்லது, எந்தப் பாறை வழுக்கும், எங்கே இறங்கலாம் என்பது அவருக்கே தெரியும். ஆனால் அவர் அறிந்தது நேற்று வரையிலான ஆறு. ஒரு மழையில் நீர்மட்டமும் நிறமும் மாறிவிடுகிற மலை ஓடையில், இன்றைய நீரை இன்றுதான் பார்த்தாக வேண்டும். அந்த அரை மணியை அவரோடு சேர்ந்தே கழிக்கலாம். மலை ஓடை மீன் பசித்தது, எதையும் கவ்வும் என்கிற வாதத்தில் பாதி உண்மை உண்டு. ஈயின் நிறத்தை அது பெரிதாகப் பார்ப்பதில்லை. ஆனால் ஓட்டத்தோடு போகாமல் இழுபட்டு வருகிற ஈ எதுவாக இருந்தாலும் சந்தேகப்படும். நரம்பு எந்த ஓட்டத்தில் சிக்கி இழுபடும் என்பதும் முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டியதுதான்.

இன்னொரு காரணத்தைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். பழுப்பு ட்ரவுட் குளிர்காலம் தொடங்கும்போது முட்டையிடும். அதனால்தான் இமாசலத்தில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதி வரை ட்ரவுட் பிடிக்கத் தடை. அக்டோபர் கடைசி நாட்களிலேயே சில மீன்கள் இடம் தேடத் தொடங்கியிருக்கலாம். பெண்மீன் வாலால் அடித்துப் பறித்த குழி, சுற்றியுள்ள பாசி படிந்த கற்களுக்கு நடுவே வெளிறித் தெரியும். மீன்வளத்துறையின் உரிமச்சீட்டோடு அந்த நாட்களில் தீர்த்தனில் இறங்குகிறவர்கள், முதலில் கரையில் உட்கார்ந்து படுகையைப் பாருங்கள். வெளிறிய கூழாங்கல் திட்டு தெரிந்தால் அதன் மேல் கால் வைக்காமல் சுற்றிப் போங்கள்.